மடக்கினால் உரியும்

ஆக்‌ஷன் ஃபிகரைத் தன் இஷ்டப்படி மாற்றிப் பார்க்கலாம் என்று முதல்முறையாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயின்டில்தான் தொடங்குகிறார்கள். பத்துப் பன்னிரண்டு குப்பி அக்ரிலிக், மூன்று அளவில் பிரஷ், ஒரு டப்பா பிரைமர், கடைசியில் மேலே அடிக்க மேட் வார்னிஷ். ஆசையில் தப்பில்லை. பழைய பொம்மை ஒன்றை எடுத்து முழுக்கப் பூசினால் வேறொரு பாத்திரம் தயார் என்று பார்த்த வீடியோக்கள் எல்லாம் சொல்கின்றன. அலமாரியில் நிறுத்திப் படம் எடுக்கும்வரை அது உண்மையும்கூட. கையை ஒருமுறை மடக்கினால் முழங்கையில் பழைய நிறம் எட்டிப்பார்க்கும். இன்னும் நாலு முறை மடக்கினால் பெயின்ட் சுருண்டு உதிரும். புதிதாக வருகிறவர் முதலில் படிக்க வேண்டியது கழற்றிப் பூட்டுவதை. பெயின்டைக் கடைசியாகவும் கொஞ்சமாகவும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. பெயின்ட் அடிப்பது கடினம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அசையும் பொருளில் பெயின்ட் நிற்கவே முடியாத இடங்கள் நிறைய இருக்கின்றன, அவை எவை என்று கழற்றிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இன்றைய ஆறங்குலப் பொம்மையில் இருபது மூட்டுக்குக் குறையாமல் இருப்பது சாதாரணம். அந்த மூட்டுகள் எல்லாம் உராய்வால் நிற்கின்றன. நீட்டிய கை நீட்டியபடியே நிற்க வேண்டுமானால் குமிழும் குழியும் ஒன்றையொன்று இறுக்கமாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் காற்றுப் போக இடமிருந்தால் கை தொங்கிவிடும். பெயின்டோ ஒரு படலம், அதற்கென்று ஒரு தடிமன் உண்டு. வீட்டுக் கதவுக்குப் பொங்கலுக்கு எனாமல் அடித்த பிறகு அது நிலையில் போய் இறுகிக்கொள்வதும், தச்சர் வந்து விளிம்பை இழைப்புளியால் சீவிக்கொடுப்பதும் எல்லோரும் பார்த்ததுதானே? அதே கணக்கு இங்கே மில்லிமீட்டரின் சிறு பகுதியில் நடக்கிறது. குமிழில் ஒரு பூச்சு, குழியில் ஒரு பூச்சு, அதற்கடியில் பிரைமர், மேலே வார்னிஷ் என்று நாலு படலம் சேர்ந்தால் மூட்டு அசைய மறுக்கும். வலிந்து அசைத்தால் படலம் விட்டுக்கொடுக்கும். படலம் கெட்டியாக நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய அச்சுமுளை முறியும், அது இன்னும் மோசம்.

நல்ல வார்னிஷ் அடித்தால் போதாதா என்று உடனே ஒரு கேள்வி வரும். வார்னிஷ் கைவியர்வையிலிருந்து காக்கும், தூசியிலிருந்து காக்கும், பளபளப்பை ஒரே சீராக்கும். இரண்டு கடினமான பரப்புகள் ஒன்றையொன்று சுரண்டுவதை அது தடுக்காது. சுரண்டலுக்கு இடையில் இன்னொரு படலத்தைக் கொண்டுபோய் வைக்கிறது, அவ்வளவுதான்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பொம்மைத் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகளாக இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-ல் முப்பது சென்டிமீட்டர் உயர ஜி.ஐ. ஜோவை வெளியிட்டது, 1982-ல் அதே பெயரை மூன்றேமுக்கால் அங்குல உயரத்துக்குச் சுருக்கிப் புதிய வரிசையாகக் கொண்டுவந்தது. அந்த முதல் வரிசையில் பல வீரர்கள் உடல் பாகங்களைப் பகிர்ந்துகொண்டவர்கள். பிரேக்கர், கிளட்ச், ராக் அண்ட் ரோல் மூன்று பேருக்கும் தாடி வைத்த ஒரே தலைதான், முடியின் நிறம் மட்டும் வேறு. அதே வரிசையில் ஸ்னேக் ஐஸ் என்றொரு பாத்திரம் வந்தது. பெயின்ட் செலவை மிச்சம் பிடிப்பதற்காக அதைத் தலை முதல் கால் வரை கறுப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்து, ஒரு துளிப் பெயின்ட்கூடத் தொடாமல் பெட்டியில் போட்டார்கள். சிக்கனத்தில் பிறந்த அந்தக் கறுப்பு உருவம்தான் பின்னால் அந்த வரிசையின் மிகப் புகழ்பெற்ற வீரராயிற்று. பெயின்ட் இல்லாததால் அதில் உரிய எதுவும் இல்லை என்பது கூடுதல் லாபம்.

மேட்டல் நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. ஹீ-மேன் வரிசை 1982-ல் கடைக்கு வந்தது. அதற்கு முன் உள்ளே காட்டுவதற்கு மாதிரி செய்த ராஜர் ஸ்வீட், நிறுவனத்தின் பழைய பிக் ஜிம் பொம்மையை எடுத்துச் சண்டைக்கு நிற்கும் தோரணையில் ஒட்டி, அதன்மேல் களிமண்ணை அப்பித் தசைகளைப் பருக்க வைத்துத்தான் செய்தார். ஆக ஹீ-மேனின் மூலமே ஒரு கஸ்டம் பொம்மை. அவன் ஏறும் புலியான பேட்டில் கேட்டும் பிக் ஜிம் வரிசையில் இருந்த புலியின் அச்சுதான். எனக்கு இதில் மிகவும் பிடித்தது 1983-ல் வந்த ஃபேக்கர். ஹீ-மேனின் உடலை நீலப் பிளாஸ்டிக்கில் வார்த்து, எதிரி ஸ்கெலிட்டரின் மார்புக் கவசத்தை ஆரஞ்சு நிறத்தில் மாட்டி, கவசத்துக்கு அடியில் எந்திர நெஞ்சு போல ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, புதிய வில்லன் என்று விற்றார்கள். புது அச்சு ஒன்றுகூட வெட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குரிய யோசனை அது, ஆனாலும் இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஃபன்ஸ்கூலும் இந்த வரலாற்றில் உண்டு. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் அந்த நிறுவனம் 1987-ல் தொடங்கியது. ஹாஸ்ப்ரோவின் அச்சுகளை வைத்து ஜி.ஐ. ஜோ வீரர்களை இந்தியாவிலேயே வார்த்து விற்றது. அமெரிக்கப் பதிப்பில் பச்சையாக இருந்தவர் இங்கே வேறொரு நிறத்தில் வருவார், கால்சட்டைக்கும் சட்டைக்கும் சம்பந்தமே இருக்காது. அந்த விசித்திர நிறச் சேர்க்கைகளுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஃபன்ஸ்கூல் ஜோக்களைத் தேடுகிறார்கள். அச்சை மாற்றாமல் பிளாஸ்டிக்கின் நிறத்தை மட்டும் மாற்றினாலே பொம்மைக்கு வேறு ஆளுமை வந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஜப்பானிலும் இதே போக்குதான். 1980-ல் அங்கே வந்த முதல் கண்டம் (Gundam) ரோபோ மாடலுக்குப் பசையும் வேண்டும், பெயின்டும் வேண்டும். பண்டாய் நிறுவனம் படிப்படியாக ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் நிறத்திலேயே வார்த்து, அழுத்தினால் பொருந்தும்படி மாற்றிக்கொண்டே போனது. இன்று ஒரு குழந்தை பிரஷைத் தொடாமல் முழு ரோபோவைக் கட்டி முடிக்கலாம். பெயின்ட் அடிக்கத் தெரியாதவர்களா இவர்கள்?

தொழிற்சாலைப் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கண்ணோடு பாருங்கள். சிவப்பு பூட்ஸும் நீலக் கால்சட்டையும் சந்திக்கும் கோட்டில் அடிக்கடி ஒரு சுழல் மூட்டு இருக்கும். கையுறை தொடங்கும் இடத்தில் மணிக்கட்டு மூட்டு இருக்கும். நிறத்தின் எல்லையையும் மூட்டின் எல்லையையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சிவப்பு ஒரு பாகம், நீலம் இன்னொரு பாகம், நடுவில் பெயின்டுக்கு வேலையே இல்லை. கஸ்டம் செய்கிறவரும் முதலில் யோசிக்க வேண்டியது இப்படித்தான். எந்தப் பொம்மையின் கை எனக்கு வேண்டிய நிறத்தில் ஏற்கெனவே இருக்கிறது? எந்தக் கால் அந்த உடலின் குழியில் உட்காரும்? இரண்டு மூன்று பழைய பொம்மைகளிலிருந்து பாகங்களை எடுத்துச் சேர்த்தால், பூச வேண்டிய பரப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வாங்கும்போது ஒரு சின்னச் சோதனை உண்டு: கையைக் கழற்றி, குழிக்குள் மறைந்திருந்த முளையின் நிறத்தைப் பாருங்கள். வெளியே தெரியும் நிறமே அங்கும் இருந்தால் அது பிளாஸ்டிக்கின் நிறம், நம்பி வாங்கலாம். முளை வேறு நிறம் காட்டினால் வெளியே இருப்பது பெயின்ட், அதுவும் ஒருநாள் உரியும்.

பிளாஸ்டிக் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒரு பொம்மைக்குள் மூன்று நான்கு வகை இருக்கும். கையால் அழுத்தினால் கொஞ்சம் கொடுக்கும் தலை, கை, மேலங்கி எல்லாம் பெரும்பாலும் பி.வி.சி. அழுத்தினாலும் அசையாத உடல்கூடும் சில மூட்டுத் துண்டுகளும் ஏ.பி.எஸ். சில நிறுவனங்கள் முளைகளையும் கீல்களையும் பி.ஓ.எம். என்ற வழுக்கும் பிளாஸ்டிக்கில் செய்கின்றன. தேயாமல் உழைப்பதற்காகத் தேர்ந்த அந்த வழுவழுப்பின்மேல் எந்தப் பெயின்டும் பிடிக்காது, எத்தனை பிரைமர் அடித்தாலும் நகத்தால் கீறினால் வந்துவிடும். பி.வி.சி.யின் சிக்கல் வேறு. அதை வளைய வைக்க உள்ளே ஒரு மென்மையாக்கி சேர்க்கிறார்கள், அது நாளடைவில் மெல்ல மேற்பரப்புக்குக் கசியும். சில ஸ்ப்ரே பிரைமர்களும் எனாமல்களும் அந்த மென்மையாக்கியோடு கலந்து ஒருபோதும் முழுசாகக் காய்வதில்லை. மாதக்கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும், தூசியை வாரிக்கொள்ளும், அலமாரித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்குக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆகவே மென்மையான பாகங்களுக்கு ஸ்ப்ரே டப்பாவை ஒதுக்கிவிட்டு, சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்து, பிரஷால் மெல்லிய அக்ரிலிக் பூசுவதே பத்திரம். அச்சிலிருந்து பொம்மையைச் சுலபமாக எடுக்கப் பூசிய எண்ணெய்ப்பசை கழுவாத பொம்மையில் மிச்சமிருக்கும். பெயின்ட் பிடிக்காமல் போவதற்கு அதுவும் காரணம்.

கழற்றுவதற்கும் இந்த வகைப் பிரிவே வழிகாட்டி. ஏ.பி.எஸ். இளகத் தொடங்குவது சுமார் 105 டிகிரி செல்சியஸில், அதாவது கொதிக்கும் தண்ணீருக்கும் மேலே. மென்மையாக்கி சேர்ந்த பி.வி.சி. அதற்கு வெகு கீழேயே தளர்ந்துவிடும். ஆகவே கொதித்து இறக்கிய தண்ணீரில் தலையையும் தோளையும் அரை நிமிடம் முக்கினால் மென்மையான குழி விரிந்து கொடுக்கும், கடினமான குமிழ் வடிவம் மாறாது, மெல்ல இழுத்தால் கழன்று வரும். தலைப்பக்கம் மட்டும் என்றால் ஹேர் டிரையரே போதும். சமையலுக்கு வைத்திருக்கும் பாத்திரத்தை இதற்கு எடுக்க வேண்டாம், தீக்கொழுந்தில் காட்டவே வேண்டாம், பி.வி.சி. கருகினால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது. குளிர்ந்த நிலையில் பலம் போட்டு முறுக்குவதுதான் முளை முறிவதற்கு முக்கியக் காரணம்.

முதல் முயற்சிக்கு ஆறங்குலப் பொம்மையைவிட 1982 வகை ஜி.ஐ. ஜோவையோ, அதே அமைப்பில் வந்த பிற்காலப் பதிப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆறங்குல உடல்கள் பெரும்பாலும் ஒட்டி மூடப்பட்டவை, பிளந்தால்தான் திறக்கும். ஜோவின் முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அளவுக்குச் சரியான நட்சத்திரத் திருப்புளியால் கழற்றினால் உடல் முன்பாதி பின்பாதியாகப் பிரிந்து, தலையும் இரு கைகளும் தாமாக விடுபடும். நடுவே ஒரு ரப்பர் வளையம்: அதன் மேல்முனை உடலுக்குள் இருக்கும் தண்டில், கீழ்முனை இரண்டு கால்களையும் இணைக்கும் உலோகக் கொக்கியில். இடுப்பு வளைவதும் கால் நிற்பதும் அந்த வளையத்தின் இழுவிசையால்தான். பழசானால் ரப்பர் காய்ந்து வெடித்துப் பொம்மை இரண்டாகப் பிரிந்துவிடும். புது வளையம் போட்டால் மறுபடி உயிர் வரும். எதுவும் பூசாமல் அந்த வளையத்தை மாற்றிப் பூட்டுவதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டால், மூட்டு என்பது எவ்வளவு இறுக வேண்டும், எங்கே உரசுகிறது, ஸ்க்ரூவை எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் விரலுக்குப் புரிந்துவிடும். ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கினால் பிளாஸ்டிக்கில் உள்ள மரை தேய்ந்துபோகும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. முழங்கை ஆணி மட்டும் கழலாது, ஆகவே கையை முழுசாக மாற்ற வேண்டியதுதான்.

இதைக் கேட்டதும் வரும் பெரிய ஆட்சேபம், இதில் கலை எங்கே என்பது. நாலு பொம்மையைப் பிரித்து ஒரு பொம்மையாகப் பூட்டினால் அது மெக்கானிக் வேலைதானே, கஸ்டம் என்று எப்படிச் சொல்வது? கலை என்றால் பிரஷ் என்று வைத்துக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. எந்தத் தலை எந்த உடலில் உட்கார்ந்தால் புது ஆள் பிறப்பான், எந்த இரண்டு நிறம் பக்கத்தில் வந்தால் அவன் கதை மாறும் என்று பார்க்கிற கண்தான் இங்கே வேலை செய்கிறது. ஃபேக்கரைச் செய்தவர்களிடம் இருந்தது அந்தக் கண்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது. வார்ஹாமர் என்ற மேசை விளையாட்டின் சிற்றுருவங்களைத் தீட்டுகிறவர்கள் ஒரு புள்ளி விடாமல் பூசுகிறார்கள், அற்புதமாகவும் வருகிறது. அவர்கள் பாடத்தை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? எடுத்துக்கொள்ளலாம், பாதியை. பெயின்டை நீர்க்கக் கரைப்பது, ஒரு தடித்த பூச்சுக்குப் பதில் மெல்லிய மூன்று பூச்சு, பள்ளங்களில் நீர்த்த கருமை ஓடவிட்டு மடிப்பைக் காட்டுவது, மேடுகளில் உலர்ந்த பிரஷால் வெளிர் நிறம் தடவுவது எல்லாம் அங்கிருந்து வந்த செல்வங்கள். ஆனால் அந்தச் சிற்றுருவம் அசையாது. ஒருமுறை ஒட்டினால் அதே நிலையில் இருக்கும், விளையாடும்போதும் அடிப்பீடத்தைப் பிடித்தே நகர்த்துவார்கள். மடங்காத உருவத்துக்கான விதியை மடங்கும் உருவத்துக்கு அப்படியே ஏற்றுவதில்தான் ஆரம்பக்காரர்களின் முழங்கைகள் போகின்றன.

நான் அசைக்கப்போவதில்லை, அலமாரியில் நிறுத்தத்தான் போகிறேன் என்கிறவர்களும் உண்டு. நியாயம்தான், அவர்களுக்கு என் வாதம் பாதிதான் பொருந்தும். ஆனால் பூசிய பிறகு பொம்மையைப் பூட்ட வேண்டுமே! முளையைக் குழிக்குள் தள்ளும் அந்த ஒரு அழுத்தத்திலேயே விளிம்புப் பெயின்ட் சீவிக்கொண்டு வரும். அக்ரிலிக் அரை மணியில் தொடும் அளவுக்குக் காய்ந்துவிட்டாலும், தண்ணீர் போன பின் அதன் நுண்துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து கெட்டியான படலமாவதற்கு ஒரு நாளாவது, பல சமயம் அதற்கும் மேலே ஆகும். அதுவரை பூட்டாமல் காத்திருப்பது பூசுவதைவிடக் கடினமான வேலை. அவசரத்தில் ஃபெவிக்விக்கை எடுப்பது இன்னொரு ஆபத்து: மெல்லிய பசை மூட்டுக்குள் இறங்கி அதை நிரந்தரமாகப் பூட்டிவிடும், ஆவி பட்ட இடம் வெள்ளை பூத்தது போலாகிவிடும்.

பெயின்டைத் தாராளமாக எடுக்க வேண்டிய இடமும் உண்டு. முகம் மடங்காது. பெல்ட், பை, பதக்கம், மார்பின் சின்னம், தலைமுடி எதுவும் எதிலும் உரசாது. பார்க்கிறவரின் கண் முதலில் போவதும் அங்கேதான். தொழிற்சாலைகளே 2010-களின் பிற்பகுதியில் முகத்துக்கு மட்டும் டிஜிட்டல் அச்சுக்கு மாறி, உடலைப் பழையபடி நிறப் பிளாஸ்டிக்கிலேயே விட்டன. இருக்கிற நேரத்தையும் நல்ல பிரஷையும் ஒரு ஜோடிக் கண்ணுக்குக் கொடுங்கள். வெள்ளையைச் சுத்த வெள்ளையாக வைக்காமல் சற்றே மங்கலாக வைத்து, கருவிழியின் மேல்விளிம்பு இமைக்கு அடியில் போகும்படி வைத்தால் திகைத்து விழிக்கும் பார்வை போய்விடும். தவறினால் ஈரம் காயும்முன் நனைந்த பிரஷால் துடைத்துவிடலாம், முழங்கையில் அந்தச் சலுகை கிடையாது.

மிஞ்சுவது நிறம் கிடைக்காத பாகங்கள். வேண்டியது அடர்ந்த நிறமானால், செயற்கை நூலுக்கான சாயத்தைச் சூடான தண்ணீரில் கரைத்து பி.வி.சி. அல்லது நைலான் பாகத்தை அதில் ஊறவைக்கலாம். சாயம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்குவதால் தடிமன் கூடாது, மடக்கினாலும் உரியாது. வேண்டியது வெளிர் நிறம், இருப்பது கறுப்பு என்றால் சாயம் கைவிடும். அது அடர்த்தியைக் கூட்டும், குறைக்காது. அங்கே பெயின்டைத் தவிர வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போது பூசும்முன் உரசும் இடங்களை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால், தூசி பறக்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வரப்போகும் படலத்துக்கு இடம்விட வேண்டும். குமிழை அதிகம் தேய்த்துவிட்டால் மூட்டு தளர்ந்துபோகும், குறைத்துத் தேய்த்தால் உரியும், நடுவில் இருக்கும் அளவு கை பழகித்தான் வரும். முதல் பொம்மையிலேயே அதை முயல்வதைவிட, வெள்ளை உடைப் பாத்திரமான மூன் நைட்டின் பழைய பொம்மை ஒன்றைக் குறைந்த விலைக்குத் தேடிப் பிடித்து, முளையின் நிறத்தைச் சோதித்துவிட்டு, கையையும் காலையும் கழற்றிக்கொள்வது மலிவு.